வீட்டில் காடைக் குஞ்சு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காடை முட்டையைப் பொரிக்க வைப்பதைப் பற்றியும், பொரித்த குஞ்சுகளைக் காப்பாற்றுவதைப் பற்றியுமே இருந்தமையால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில் காடை என்பது முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் கூட்டில் வளர்க்கப்படும் ஜப்பானியக் காடையையே குறிக்கும். பல தலைமுறைகளாகக் கூட்டிலேயே வளர்ந்துவந்த இந்தப் பறவை, அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. பெட்டைகள் முட்டையை நின்ற இடத்தில் இட்டுவிட்டுத் தம் பாட்டில் போய்விடும். ஆகவே குஞ்சு வேண்டுவோர் முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் கருவியான இன்கியுபேட்டரையோ, சிறிய உடலுள்ள அடைக்கோழி ஒன்றையோதான் நம்பவேண்டியிருக்கிறது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சிறிய இன்கியுபேட்டரில் 24 காடை முட்டைகளை வைத்தேன். அதனுடன் வந்த கைநூலில் உள்ளபடி முதல் நாளிலிருந்தே நீர்த்தொட்டியை நிரப்பி வைத்தேன். பதினெட்டாம் நாள் ஐந்து குஞ்சுகள் மட்டுமே வெளிவந்தன. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது பலவற்றில் குஞ்சு முழுமையாக உருவாகி, ஈரமாக, ஊதியதுபோல் இறந்திருந்தது. முட்டை விற்றவர் தன்மீது பிழையில்லை என்கிறார். காரணம் என்ன?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: விற்றவர் சொல்வது சரி. கருக்கூடாத முட்டையாக இருந்திருந்தால் உள்ளே வெறும் மஞ்சட்கருவும் வெள்ளைக்கருவும்தான் இருந்திருக்கும். பழைய முட்டையாகவோ வரும் வழியில் நன்றாகக் குலுங்கிய முட்டையாகவோ இருந்திருந்தால் கரு பெரும்பாலும் முதற் சில நாட்களிலேயே செத்திருக்கும். பதினைந்து, பதினாறு நாட்கள் ஒழுங்காக வளர்ந்து, ஓட்டைக் கொத்தும் தறுவாயில் ஈரத்தோடு ஊதி இறந்த குஞ்சுகளைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த நீர்த்தொட்டியைத்தான்.

முட்டை ஓட்டில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. அடைகாக்கும் நாட்களில் அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேற வேண்டும். வெளியேறிய நீரின் இடத்தை அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகி நிரப்பிக்கொள்ளும். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன்னர் தன் அலகால் காற்றறைச் சவ்வைக் குத்தி அங்கேதான் முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. உள்ளே நீர் போதிய அளவு குறையாவிட்டால் காற்றறை சிறுத்தே இருக்கும். குஞ்சின் உடலும் நீர் கோத்துப் பருத்துவிடும். திரும்பி ஓட்டைச் சுற்றிக் கொத்த இடமில்லாமல் அது உள்ளேயே மூச்சுமுட்டி இறந்துபோகும்.

அப்படியானால் கைநூல் பிழையா என்று கேட்பீர்கள். அது எழுதப்பட்ட ஊருக்கு அது சரியாக இருக்கலாம். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் சூடான காற்று கூடுதலான நீராவியைக் கொள்ளக்கூடியது என்பதால் ஈரப்பதன் எண் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் உள்ளது என்பது) இறங்கிவிடும். குளிர்நாடொன்றில் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 40 சதவீத ஈரப்பதனும் உள்ள வீட்டுக் காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அங்கே தொட்டியில் நீர் ஊற்றாவிட்டால் முட்டை காய்ந்துபோகும். கொழும்பிலோ அறைக்குள் 30 பாகையும் 80 சதவீதமும் சாதாரணம். அந்தக் காற்றையே 37.5 பாகைக்குச் சூடாக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 52 சதவீதம். முதல் இரண்டு வாரங்களுக்குக் காடை முட்டைக்கு வேண்டியது 45 முதல் 55 சதவீதந்தான். அதாவது ஒரு துளி நீர்கூட ஊற்றாமலே வேண்டிய ஈரப்பதன் இங்கே கிடைத்துவிடுகிறது. நீங்கள் தொட்டியையும் நிரப்பியதால் பெட்டிக்குள் 70 சதவீதத்துக்கு மேலேயே இருந்திருக்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. குளிரூட்டி இரவு பகலாக ஓடும் அறையில் கருவியை வைத்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 25 பாகையும் 55 சதவீதமும் உள்ள அறைக் காற்று, கருவிக்குள் போனதும் 27 சதவீதமளவுக்கு வறண்டுவிடும். அங்கே நீர் ஊற்றத்தான் வேண்டும். ஆகவே “நீர் ஊற்றலாமா, கூடாதா” என்ற கேள்விக்கு விடை கைநூலில் இல்லை, கருவி நிற்கும் அறையில்தான் இருக்கிறது. என் யோசனை, குளிரூட்டியில்லாத, வெயில் விழாத, மின்விசிறிக்கு நேரே இல்லாத ஓர் அறையைத் தெரிவுசெய்து பதினைந்தாம் நாள்வரை தொட்டியைக் காயவே விடுங்கள். தை, மாசி மாதங்களில் பகற்காற்று சற்று வறண்டிருக்கும்போதும் எண் 45 சதவீதத்துக்குக் கீழே அதிகம் இறங்காது.

ஈரப்பதன்மானியை மட்டும் நம்பவேண்டாம். சிறு கருவிகளோடு வருபவை பத்துப் பதினைந்து சதவீதம் பிழையாகக் காட்டுவது வழமை. ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் களிபோல் இருக்குமளவுக்கு மட்டும் நீர் விட்டு, அதை மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் எட்டு மணித்தியாலம் வைத்தால் உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 68 காட்டினால் ஏழு குறைத்துக் காட்டுகிறதென்று கொள்ளலாம்.

மானியைவிட நம்பத்தக்கது தராசு. அடைவைத்த நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை இழக்க வேண்டும். ஒரு காடை முட்டை பத்துப் பதினொரு கிராம்தான் என்பதால் ஒன்றை மட்டும் நிறுத்தால் சமையலறைத் தராசுக்கு வித்தியாசம் பிடிபடாது. பத்து முட்டைகளைச் சேர்த்து நிறுங்கள். முதல் நாள் 110 கிராம் இருந்தால் பதினைந்தாம் நாள் 96 முதல் 98 கிராம் வரை இருக்க வேண்டும். ஏழாம், எட்டாம் நாளில் அதன் பாதித் தூரம் இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவு இறங்காமல் நிற்கிறதென்றால் ஈரம் கூடிவிட்டது, கருவியின் காற்றுத் துவாரத்தை இன்னும் திறக்கவேண்டும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் வைத்திருப்பதுபோன்ற தராசு தேவையில்லை. கிராமில் பத்திலொன்று காட்டும் சிறிய மின்தராசு போதும்.

பதினைந்தாம் நாள் முட்டைகளைப் புரட்டுவதை நிறுத்தி, தொட்டியை நிரப்பி, ஈரப்பதனை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். இப்போது ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டைத் திறந்ததும் சவ்வு காய்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் பதினான்கு நாட்களுக்கும் கடைசி மூன்று நாட்களுக்கும் தேவை நேரெதிர் என்பதை மறந்து, முழுக் காலத்துக்கும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வதால்தான் பலருக்கு இந்த இழப்பு நேர்கிறது.

வெப்பத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். உள்விசிறி உள்ள கருவிக்கு 37.5 முதல் 37.7 பாகை, விசிறியில்லாததற்கு முட்டைகளின் மேற்பரப்பு மட்டத்தில் 38.5 பாகையளவு. கருவியின் திரையில் தெரியும் எண் ஒரு பாகை பிசகியிருப்பது அபூர்வமல்ல. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இந்த எல்லைக்குள் மிகச் சரியாகக் காட்டும் என்பதால் அதை முட்டைகளுக்கிடையே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: சுப்பர்மார்க்கெட்டில் பெட்டியில் விற்கும் காடை முட்டைகள் பொரிக்குமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.
— வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: பெரும்பாலும் பொரிக்காது. முட்டைக்காக வளர்க்கும் பண்ணைகளில் சேவல் காடைகளைப் பெட்டைகளோடு விடுவதில்லை; ஆகவே அவை கூமுட்டைகள். இளம் வயதில் ஆண், பெண் பிரித்தபோது தவறி ஒரு சேவல் கூட்டுக்குள் தங்கியிருந்தால் மட்டும் சில முட்டைகள் கருக்கூடியிருக்கும். அப்படிப் பொரித்ததாக இணையத்தில் காணொளிகள் உலவுகின்றன. அவை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளைப் பதினெட்டு நாள் காத்திருக்க வைத்து ஏமாற்றுவதைவிட, சேவலோடு சேர்த்துக் காடை வளர்க்கும் ஒருவரிடம் அன்றைக்கோ முதல்நாளோ இட்ட முட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டு முதல் நான்கு பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. இருபது முட்டைகள் சேரும்வரை அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? முட்டையைக் கழுவ வேண்டுமா?
— வாசகர் ஒருவர், தெமட்டகொடை

பதில்: கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய இயற்கைப் பூச்சு கிருமியைத் தடுக்கிறது. கழுவினால் அது போய்விடுவதோடு அழுக்கு நீர் துளைகளின் வழியே உள்ளேயும் இழுக்கப்படும். அழுக்கான முட்டையை அடைவைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் நான்கைந்து பாகைக் குளிர் கருவுக்கு அதிகம். உகந்தது 13 முதல் 16 பாகை. அது நம் வீடுகளில் எங்கும் கிடைக்காது என்பதுதான் சிக்கல். ஏறத்தாழ 20 பாகைக்கு மேலே போனால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பலவீனமடைந்து பின்னர் இறந்துவிடுகிறது. மண்பானைக்குள் வைக்கச் சொல்வோரும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அது ஓரளவு குளிரலாம், கொழும்பின் ஈரக் காற்றில் பானை பெரிதாகக் குளிராது. ஆகவே இரவில் குளிரூட்டி போடும் அறை இருந்தால் அங்கேயும், இல்லாவிட்டால் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையிலும், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, ஐந்து நாட்களுக்குள் சேர்ந்தவற்றை மட்டும் அடைவையுங்கள். நான்கு பெட்டைகளிடமிருந்து அந்த நாட்களுக்குள் பதினைந்து முட்டையாவது சேரும். இருபது வேண்டுமென்று காத்திருப்பதில் பயனில்லை.

புரட்டுவதற்கு வசதியாக ஒரு பக்கத்தில் பென்சிலால் புள்ளடியும் மறுபக்கத்தில் வட்டமும் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புங்கள். ஒற்றைப்படையாக இருந்தால், நீண்ட இரவில் கீழே கிடந்த பக்கம் மறுநாள் இரவு மேலே வரும்.

கேள்வி: பதினோராம் நாள் ஐந்து மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. முட்டைகளை எறிந்துவிட வேண்டுமா?
— வாசகி ஒருவர், தெஹிவளை

பதில்: எறியாதீர்கள். 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்த காலத்தையும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதையும் கண்டவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. கரு சூட்டைத் தாங்குவதைவிடக் குளிர்வதைத் தாங்கும். 40 பாகையைத் தாண்டிச் சில மணித்தியாலம் நின்றால் பெரும்பாலானவை இறந்துவிடும். ஆனால் 30 பாகைக்கு இறங்கிச் சில மணித்தியாலம் கிடந்தால் வளர்ச்சி மந்தமாகுமேயொழிய நின்றுபோவது குறைவு. இங்கேதான் கொழும்பின் புழுக்கம் நமக்கு உதவுகிறது: உங்கள் அறையே 29, 30 பாகையில் இருந்திருக்கும் என்பதால் முட்டை அதற்குக் கீழே குளிர்ந்திருக்க வழியில்லை.

மின்சாரம் நின்றால் மூடியைத் திறவாமல், காற்றுத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கருவியைத் தடித்த துணியால் போர்த்துங்கள். தடை நீளுமென்று தோன்றினால் வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி வெளியே அணைத்து வைக்கலாம். மின்சாரம் திரும்பியதும் அரை மணித்தியாலம் அருகிலிருந்து பாருங்கள், மலிவான கருவிகள் இழந்த சூட்டை ஈடுசெய்யப் போய் அளவைத் தாண்டிவிடுவதுண்டு. சில சிறு இன்கியுபேட்டர்கள் 12 வோல்ட்டிலும் இயங்கும். உங்களுடையதன் பின்புறத்தில் அதற்கான துளை இருந்தால் ஒரு மின்கலத்தை ஆயத்தமாக வைத்திருக்கலாம். குஞ்சு வெளிவருவது அரை நாளோ ஒரு நாளோ பிந்தலாம், ஆகையால் இருபதாம் நாள்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: ஓட்டில் சிறு துளை விழுந்து எட்டு மணித்தியாலமாகியும் குஞ்சு வெளிவரவில்லை. உள்ளிருந்து சத்தம் கேட்கிறது. ஓட்டை உரித்து உதவலாமா?
— வாசகர் ஒருவர், வத்தளை

பதில்: இந்தக் கடிதம் அச்சாகும்போது உங்கள் குஞ்சின் கதை முடிவாகியிருக்கும்; ஆயினும் அடுத்த முறைக்கும் மற்றவர்களுக்குமாகச் சொல்கிறேன். முதல் துளைக்கும் வெளிவருவதற்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் செல்வது இயல்பு. அதற்கு மேலும் செல்லலாம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா கிடக்கவில்லை. சவ்விலுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தம் உடலுக்குள் திரும்புவதும், எஞ்சிய மஞ்சட்கருப் பை வயிற்றுக்குள் இழுக்கப்படுவதும் அப்போதுதான் நடக்கின்றன. அவை முடியுமுன் நாம் ஓட்டை உரித்தால் சவ்வு கிழிந்து இரத்தம் வரும். தொப்புள் மூடாத குஞ்சு ஓரிரு நாளில் இறக்கும்.

நீங்கள் கேட்ட சத்தத்திலும் ஒரு விடயம் உண்டு. முட்டைக்குள்ளிருக்கும் காடைக் குஞ்சுகள் மூச்சு விடத் தொடங்கியபின் ‘டிக், டிக்’ என்றொரு ஒலி எழுப்புகின்றன. ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் முட்டைகளில் பின்தங்கிய குஞ்சு இந்த ஒலியால் தூண்டப்பட்டு விரைவுபடுகிறது. அதனால் பல குஞ்சுகள் ஒரே காலப்பகுதியில் வெளிவருகின்றன. ஆகவே கடைசி மூன்று நாட்களில் முட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்காமல் ஒன்றாகக் கிடக்க விடுங்கள். துளை விழுந்து 24 மணித்தியாலம் கடந்தும் சிறிதும் முன்னேற்றமில்லையென்றால் மட்டும், துளையைச் சுற்றிய ஓட்டைக் கொஞ்சம் எடுத்து, சவ்வை இளஞ்சூட்டு நீரால் நனைத்துப் பார்க்கலாம். சிவப்பு நரம்பு தெரிந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

வந்த குஞ்சை உடனே எடுக்க மூடியைத் திறப்பது அடுத்த தவறு. ஒரு முறை திறந்தால் ஈரப்பதன் சட்டென்று விழும். பாதி உடைத்த நிலையிலுள்ள மற்றவற்றின் சவ்வு காய்ந்து இறுகும். வயிற்றிலுள்ள மஞ்சட்கரு ஒரு நாளுக்குப் போதும் என்பதால் பெரும்பாலானவை வெளிவந்து பூமயிர் காயும்வரை குஞ்சுகள் உள்ளேயே நிற்கலாம். மற்ற முட்டைகளை அவை உதைத்து உருட்டும், அதனால் தீங்கில்லை.

கேள்வி: தொடர்மாடியில் வசிக்கிறோம். அட்டைப் பெட்டியில் பத்திரிகைத் தாளை விரித்து, மின்குமிழ் தொங்கவிட்டு, முப்பது குஞ்சுகளை வைத்தோம். இரண்டு நாளில் ஏழு இறந்தன: சில நீர்த் தட்டில் மூழ்கின, இரண்டின் கால்கள் இரு பக்கமாக விரிந்துவிட்டன, ஒருநாள் காலையில் எறும்பு மொய்த்திருந்தது. என்ன செய்வது?
— வாசகி ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: மூன்றுக்கும் மூன்று தனிக் காரணங்கள், மூன்றையும் தடுக்கலாம்.

நீரிலிருந்து தொடங்குகிறேன். பொரித்த காடைக் குஞ்சின் எடை ஆறு முதல் எட்டுக் கிராம். உயரம் பெருவிரலின் மேற்கணு அளவு. தேநீர்த் தட்டில் ஒரு சென்றிமீற்றர் நீர் நின்றாலே அதற்கு அது குளம். தவறி விழுந்து எழுந்துவிட்டாலும் நனைந்த உடல் குளிர்ந்து அடுத்த மணித்தியாலத்தில் இறந்துவிடும். ஜாம் போத்தல் மூடி போன்ற ஆழமற்ற ஒன்றை எடுத்து, கண்ணாடிப் போளைகளை நெருக்கமாக அடுக்கி, இடைவெளிகளில் மட்டும் நீர் தெரியும்படி ஊற்றுங்கள். பளபளக்கும் போளையைக் கொத்தப் போய்க் குஞ்சு நீரையும் கண்டுபிடிக்கும். முதல் நாள் ஒவ்வொன்றின் அலகு நுனியையும் ஒரு தடவை நீரில் தொட்டுவிட வேண்டும். நீரை நாளுக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். பலகணியில் மறந்துபோன ஒரு மூடி நீர்கூட நுளம்புக்கு இடமாகி, டெங்குச் சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உங்களைப் பதில் சொல்ல வைக்கும்.

கால் விரிவதற்குப் பத்திரிகைத் தாள்தான் காரணம். வழுக்கும் தரையில் கால் பிடிமானம் இல்லாமல் குஞ்சு நிற்க முயலும்போது மென்மையான மூட்டுகள் வெளிப்பக்கமாக விலகுகின்றன. முதல் வாரத்துக்குச் சொரசொரப்பான பழைய பருத்தித் துணியையோ, இறாக்கைகளில் விரிக்கும் வழுக்காத இறப்பர் வலை விரிப்பையோ போடுங்கள். ஏற்கெனவே விரிந்த கால்களை, குஞ்சு இயல்பாக நிற்கும் அகலத்துக்கு வைத்து மெல்லிய மருந்துப் பிளாஸ்டரின் ஒரு கீற்றால் இணைத்துவிட்டால், முதல் இரண்டு நாட்களுக்குள் செய்தவரை, பெரும்பாலும் நேராகிவிடும். தாமதித்தால் பலனில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து உமியோ மரச்சீவலோ போடலாம்; மரத்தூள் வேண்டாம், குஞ்சுகள் அதைத் தின்னும். எதைப் போட்டாலும் ஈரமானதை அன்றன்றே அகற்றுங்கள். மழை நாட்களில் ஈரமான விரிப்பில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு நாள் போதும். அதன் வித்துகளைச் சுவாசிக்கும் குஞ்சுகளுக்கு நுரையீரல் நோய் வரும், அதற்கு வீட்டில் செய்யத்தக்க வைத்தியம் எதுவுமில்லை.

எறும்புக்கு நம் பாட்டிமார் பலகாரப் பெட்டிக்குச் செய்ததையே செய்யலாம். பெட்டியை ஒரு ஸ்டூலின் மீது வைத்து, அதன் நான்கு கால்களையும் நீருள்ள கிண்ணங்களில் நிறுத்துங்கள். சிறிது சவர்க்காரம் கரைத்தால் எறும்பும் கடவாது, நுளம்பும் முட்டையிடாது. மின்கம்பி சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தால் எறும்பு அதன் வழியே இறங்கும் என்பதையும் பாருங்கள். பொரிக்கும் நாட்களில் இன்கியுபேட்டருக்கும் இதே காவல் வேண்டும். துளை விழுந்த முட்டையின் வாசனைக்குச் சிவப்பெறும்பு தேடி வரும், உள்ளிருக்கும் குஞ்சு தப்பியோட முடியாது.

மின்குமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சந்தான் தரும், சூடு தராது. இழைக் குமிழோ, வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் குமிழோ வேண்டும். குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 35 முதல் 37 பாகை. பிறகு வாரத்துக்கு மூன்று பாகையளவு குறைத்துக்கொண்டு போகலாம். வெளிநாட்டுக் குறிப்புகளில் நான்கு வாரம்வரை குமிழ் எரிய வேண்டுமென்று இருக்கும். கொழும்பில் மூன்றாம் வாரத்தில் அறை வெப்பமே போதுமானதாகிவிடும். அப்போது பகலில் அணைத்துவிட்டு, மழை பெய்யும் இரவுகளில் மட்டும் போட்டால் சரி. இங்கே சிறு பெட்டியில் குளிரால் இறப்பதைவிடச் சூட்டால் இறப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே நீளமான பெட்டியாக எடுத்து, குமிழை ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டு, மறுமுனை ஆறியிருக்கும்படி விடுங்கள். சூடு வேண்டிய குஞ்சு கிட்டப் போகும், வேண்டாதது விலகும்.

வெப்பமானியைப் பார்க்குமுன் குஞ்சுகளைப் பாருங்கள். குமிழுக்குக் கீழே ஒன்றன்மேலொன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர்; சுவரோரம் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு; ஒரே மூலையில் ஒடுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது; அங்குமிங்குமாகப் பரவிப் படுத்து, எழுந்து தின்று, மீண்டும் படுத்தால் அளவு சரி. குமிழை இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒரு கட்டு அவிழ்ந்து அது துணிமேல் விழுந்தால் தொடர்மாடியே ஆபத்துக்குள்ளாகும். ஏழு, எட்டு நாளில் குஞ்சுகள் எழும்பிப் பறக்கத் தொடங்கும் என்பதால் மேலே வலை போடவேண்டும். நெருக்கமான கண்ணுள்ள வலையாக இருந்தால் பூனையோடு நுளம்பையும் தடுக்கும். பறவை அம்மை நுளம்பால் பரவும் நோய். பெட்டியைக் குசினியில் வைக்காதீர்கள். குஞ்சுகளைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். ஆரோக்கியமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம்.

கேள்வி: காடைக் குஞ்சுக்கென்று தனித் தீனி கிடைக்கவில்லை. அரிசிக் குறுணல் போதுமா?
— வாசகர் ஒருவர், மட்டக்குளி

பதில்: போதாது. காடைக் குஞ்சுக்குத் தீனியில் 24 சதவீதமளவு புரதம் வேண்டும். அரிசியில் அதில் மூன்றிலொன்றுகூட இல்லை. இறைச்சிக் கோழிக் குஞ்சுக்கான ஆரம்பத் தீனியை வாங்கி, அரைத்து, மாச்சல்லடையில் அல்லாமல் சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்துக் கொடுங்கள். மாவாகிவிட்டால் அலகில் அப்பிக்கொள்ளும். பையில் அச்சிட்டுள்ள புரத அளவு 21, 22 என்றிருந்தால் முதல் இரண்டு வாரங்களுக்கு நன்றாக அவித்து மசித்த முட்டையைச் சிறிது சேர்த்து, ஒரு மணித்தியாலத்துக்குள் தின்னாததை எடுத்துவிடலாம். முட்டைக் கோழித் தீனியைக் கொடுக்கவேண்டாம். அதிலுள்ள கூடிய கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆறாம் வாரத்தில் முட்டையிடத் தொடங்கும்போது அதற்கு மாற்றலாம். வளர்ந்த காடை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம் தின்னும். அந்தக் கணக்கில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மலிவென்று மூடையாக வாங்கினால் நம் ஈரக் காற்றில் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னாலுள்ள வெற்றுக் காணியில் புல் வெட்டும்போது காடை முட்டைகள் போன்ற நான்கு புள்ளி முட்டைகள் கிடைத்தன. இன்கியுபேட்டரில் வைக்கலாமா?
— வாசகர் ஒருவர், ஹோமாகம

பதில்: வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் காடைபோலவே தோன்றும் வேறொரு சிறு பறவையின் முட்டைகளாக இருக்கும். அந்த இனத்தில் பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விட, சேவல்தான் அடைகாத்துக் குஞ்சுகளையும் வளர்க்கும். எடுத்த இடத்திலேயே வைத்து, சுற்றியுள்ள புல்லை வெட்டாமல் விட்டால் அது திரும்பி வரக்கூடும். காட்டுப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் சட்டம் பாதுகாக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஐந்து வாரக் காடைகள் பன்னிரண்டு உள்ளன. விடியற்காலையில் சில உரத்துக் கத்துகின்றன. மேல்மாடியில் இருப்பவர்கள் முறையிடுகிறார்கள். பெட்டைகளை மட்டும் வைத்திருக்க விரும்புகிறேன். எப்படிப் பிரிப்பது?
— வாசகி ஒருவர், கொள்ளுப்பிட்டி

பதில்: கத்துபவை சேவல்கள், பெட்டையின் குரல் மென்மையானது, பக்கத்து அறைக்கே கேட்காது. வழமையான பழுப்பு நிறக் காடையாக இருந்தால் மூன்றாம் வாரத்திலேயே மார்பைப் பார்த்துப் பிரித்துவிடலாம். சேவலின் மார்பு புள்ளியில்லாமல் செங்கல் நிறமாக இருக்கும். பெட்டையின் மார்பு வெளிறிய நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். வெள்ளை நிறக் காடைகளில் இந்த அடையாளம் உதவாது. அவற்றுக்கு ஆறாம், ஏழாம் வாரம்வரை பொறுத்திருந்து, எச்சத்துவாரத்துக்கு மேலுள்ள புடைப்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள்; வெண்ணிற நுரை வந்தால் சேவல்.

முட்டை தின்பதற்குச் சேவல் தேவையே இல்லை. சேவல்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் மேல்மாடிக்காரர்களின் முறைப்பாடும் நின்றுவிடும். ஆனால் அடுத்த தடவை நீங்களே பொரிக்க வைக்க எண்ணினால் ஒரு சேவலை மட்டும் நிறுத்தி, இரவில் கூட்டைத் தடித்த துணியால் மூடி, வெளிச்சம் புகாத உள்ளறையில் வையுங்கள். வெளிச்சம் பட்ட பிறகுதான் அது பெரும்பாலும் கத்தும். துணியைக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் போதும், ஆனால் காற்றோட்டத்துக்கு ஒரு பக்கத்தை எப்போதும் திறந்து விடவேண்டும்.